ஊர்ப்பெயர் தாங்கிய படங்கள்

திண்டுக்கல் நகரை ஒட்டி, திண்டு ஒன்றைச் சாய்த்து வைத்தாற்போலப் பெரும்பாறை ஒன்று கிடக்கிறது. ஊரின் பெயரே அத்தோற்றத்திலிருந்து பிறந்தது என்பர். 1605ஆம் ஆண்டு மதுரை நாயக்க மன்னர் முத்துக்கிருஷ்ணப்பர் அப்பாறையின்மீது கோட்டை எழுப்பத் தொடங்கினார். இன்று தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள அக்கோட்டைக்குக் காலை வேளையில் ஏறுவோர், உச்சியை அடைந்ததும் செய்யும் முதற்செயல் மூச்சு வாங்குவது. இரண்டாவது செயல் படம் எடுப்பது. ஒருபுறம் சிறுமலை, மேற்கே நீலமாய்த் தெரியும் கொடைக்கானல் மலைத்தொடர், இடையே தென்னந்தோப்புகளும் நூற்பாலைகளும் கிராமங்களுமாய் விரிந்த சமவெளி. கண் கொள்ளாத காட்சி என்று ஊரார் சொல்லும் அதனைக் கைப்பேசி கொண்டுவிடுகிறது.

அவ்வாறு எடுக்கப்படும் படங்களுள் பெரும்பாலானவை கைப்பேசியிலேயே உறங்கிப்போகின்றன. மிகச் சில மட்டும் விலைக்குப் போகின்றன. சுற்றுலாக் கையேட்டிலோ, வங்கி விளம்பரத்திலோ, வெளிநாட்டு நாளிதழின் பயணப் பக்கத்திலோ அவை தோன்றக்கூடும். எடுத்தவருக்கு அது தெரியாமலே போவதும் உண்டு. பயணப் படங்களை இருப்பில் வைத்து விற்கும் இத்தொழில் எவ்வாறு நடக்கிறது, அதில் ஒரு படம் எதைப் பெறுகிறது, எதை இழக்கிறது என்பன அறியத்தக்கவை.

இருப்பில் உள்ள படம்

திருமணத்திற்குப் படம் எடுப்பவர், அழைத்தவருக்காக எடுக்கிறார். தையற்காரர் அளவெடுத்துச் சட்டை தைப்பதைப் போன்றது அது. இருப்புப் படம் எடுப்பவரோ ஆயத்த ஆடை விற்பவரைப் போன்றவர். வாங்குபவர் யார் என்று அறியாமலே முதலில் எடுத்து, சேர்த்து வைத்து, பின்னர் வருவோர்க்கு விற்கிறார். வழக்கில் இதனை ஸ்டாக் படம் என்பர். இணைய வழியில் இயங்கும் முகமைகள் இப்படங்களைத் தொகுத்து வைத்து, விற்பனைத் தொகையில் ஒரு பங்கைப் படம் எடுத்தவருக்கு அளிக்கின்றன.

இங்கு விற்கப்படுவது பெரும்பாலும் படத்தைப் பயன்படுத்துவதற்கான உரிமம் மட்டுமே. படத்தின் உடைமை எடுத்தவரிடமே இருக்கும். எனவே ஒரே படத்தை ஆயிரம் பேருக்கு விற்கலாம். 'ராயல்டி ஃப்ரீ' என்னும் சொல்லைக் கேட்டு, அது இலவசம் என்று மயங்குவோர் பலர். ஒருமுறை பணம் செலுத்தியபின், உரிமத்தின் எல்லைக்குள் மீண்டும் மீண்டும் பயன்படுத்தலாம் என்பதே அதன் பொருள். எந்த இதழில், எத்தனை படிகளில், எவ்வளவு காலத்திற்கு என்று வரையறுத்து விற்கும் பழைய முறையும் உண்டு. அதில் விலை மிகுதி, விற்பனை குறைவு.

இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957ஆம் ஆண்டுக்குரியது. அதன்படி, பணம் கொடுத்து எடுக்கச் செய்த படத்திற்கு, வேறு உடன்பாடு இல்லையெனில், எடுக்கச் செய்தவரே முதல் உரிமையாளர். திருமணப் படங்கள் அவ்வகையின. யாரும் கேளாமல் தம் விருப்பத்தால் பாறைமேல் ஏறி எடுத்த படமோ எடுத்தவருக்கே உரியது. 2012ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப் பின், அவ்வுரிமை எடுத்தவரின் வாழ்நாள் முழுவதும், அதன்பின் 60 ஆண்டுகளும் நீடிக்கிறது. சட்டம் ஒரு பயணப் படத்திற்கு இத்துணை நீண்ட ஆயுளைக் கொடுத்திருக்க, அப்படத்தின்கீழ் ஊரின் பெயரைக்கூட எழுதாமல் விடுவது வியப்பானதே.

ஆத்தூர் அருகே

பயணக் காட்சிகளை விற்பது ஒளிப்படக் கருவி தோன்றுவதற்கு முன்பே இருந்த தொழில். 1786இல் கல்கத்தாவிற்கு வந்த தாமஸ் டேனியல் என்னும் ஆங்கில ஓவியரும், அவர்தம் உடன்பிறந்தார் மகன் வில்லியம் டேனியலும் ஏழாண்டுகள் இந்தியாவைச் சுற்றினர். தென்னிந்தியப் பயணத்திற்குப் பணம் வேண்டித் தம் ஓவியங்களைக் குலுக்கல் சீட்டு முறையில் விற்ற சூழ்ச்சித்திறம் அவர்களுடையது. 1792இல் அவர்கள் தெற்கே வந்த காலம் குறிப்பிடத்தக்கது. திப்பு சுல்தானுடன் நடந்த போரில் திண்டுக்கல் கோட்டை 1790இல் ஆங்கிலேயர் வசமானது. 1792ஆம் ஆண்டு உடன்படிக்கையால் இச்சீமை அவர்களுக்கே உரியதாயிற்று. போர் நடந்த மலைகளையும் கோட்டைகளையும் காண இலண்டன் மாளிகைகளில் இருந்தோர் ஆவலாய் இருந்தனர். சந்தை எங்கிருக்கிறது என்பதை அறிந்தே ஓவியர் இருவரும் நடந்தனர் எனலாம்.

காட்சியை இருட்டறைப் பெட்டி ஒன்றின் வழியே தாளில் விழச்செய்து, அதன்மேல் கோடு வரைந்துகொள்வது அவர்கள் கையாண்ட முறைகளுள் ஒன்று. இங்கிலாந்து திரும்பியபின் செப்புத் தகடுகளில் செதுக்கி அச்சிட்டு, வண்ணம் தீட்டி, 1795 முதல் 1808 வரை 144 படங்களை வெளியிட்டனர். 'ஓரியண்டல் சீனரி' என்னும் அத்தொகுதியின் முழு விலை 210 பவுன். அக்காலத்தில் செல்வர்களே வாங்கக்கூடிய தொகை அது. அத்தொகுதியில் ஒரு படத்தின் தலைப்பு, 'திண்டுக்கல் மாவட்டத்தில் ஆத்தூர் அருகே' என்பதாகும்.

அந்தத் தலைப்பில் அழகு எதுவும் இல்லை. ஓர் ஊர், ஒரு சீமை, 'அருகே' என்னும் ஒரு சொல். ஆயினும் இருநூறு ஆண்டுகள் கழித்தும், திண்டுக்கல்லுக்கு அருகிலுள்ள ஆத்தூருக்குச் சென்று, அந்த மலைவரிசை எங்கே, அந்த நிலம் எது என்று ஒருவர் தேடிப்பார்க்க முடிகிறது. வணிகத்திற்காக வரையப்பட்ட படம், ஊர்ப்பெயர் ஒன்றைச் சுமந்திருந்ததால், ஊரின் ஆவணமாகவும் ஆயிற்று.

பின்னர் வந்த ஒளிப்பட நிலையங்களும் இவ்வழியிலேயே சென்றன. 1863இல் இந்தியா வந்த சாமுவேல் போர்ன் தம் படங்களுக்கு எண்ணிட்டு, பட்டியல் அச்சிட்டு விற்றார். சென்னையின் வீலே கிளைன் நிலையம் தென்னாட்டுக் காட்சிகளை அஞ்சலட்டைகளாக்கியது. ஆனால் அக்காலப் படங்களில் ஒரு வேறுபாடு காணப்படுகிறது. மலைக்கும் கோபுரத்திற்கும் பெயர் இருந்தது. மனிதருக்குப் பெயர் இல்லை. 1868 முதல் 1875 வரை எட்டுத் தொகுதிகளாக வெளிவந்த 'இந்திய மக்கள்' என்னும் அரசு வெளியீடு, கருவியின்முன் நின்ற மனிதர்களைக் குலத்தின், தொழிலின் மாதிரிகளாகவே பெரிதும் காட்டியது. நிற்பவரிடம் ஒப்புதல் கேட்கும் வழக்கம் அன்று இல்லை. அக்குறையின் நிழல் இன்றைய சந்தை வரை நீண்டுகிடக்கிறது.

பெயரற்ற பச்சைக் குன்று

உலகில் மிகுதியான கண்கள் கண்ட ஒளிப்படம் எது என்று கேட்டால், பலரும் சுட்டுவது ஒரு பச்சைக் குன்றின் படத்தை. 2001இல் வெளிவந்த விண்டோஸ் எக்ஸ்பி கணினிகளைத் திறந்ததும் திரையில் விரிந்த படம் அது. தமிழ்நாட்டுப் பள்ளிகளிலும் பேருந்து நிலையக் கணினி மையங்களிலும் வங்கிகளிலும் ஆண்டுக்கணக்கில் அது ஒளிர்ந்தது. அதன் பெயர் 'பிளிஸ்'. பேரின்பம் என்று பொருள்.

அதனை எடுத்தவர் சார்லஸ் ஓரியர் என்னும் அமெரிக்க ஒளிப்படக் கலைஞர். 1996 சனவரியில் கலிபோர்னியாவின் சொனோமா பகுதியில் காரில் சென்றபோது, மழைக்குப்பின் ஒளிர்ந்த குன்றைக் கண்டு, சாலையோரம் நிறுத்தி எடுத்தார். படத்தை முகமையில் இருப்பில் வைத்தார். அம்முகமையை 1998இல் பில் கேட்சுக்குச் சொந்தமான கார்பிஸ் நிறுவனம் வாங்கியது. பின்னர் மைக்ரோசாஃப்ட் நிறுவனம் படத்தின் முழு உரிமையையும் விலைக்குப் பெற்றது. விலையைச் சொல்லக்கூடாது என்பது உடன்படிக்கை.

அக்குன்றின் பசுமைக்கு ஒரு கதை உண்டு. அது திராட்சைத் தோட்டங்கள் நிறைந்த பகுதி. வேரைத் தின்னும் ஃபைலாக்சரா என்னும் பூச்சி தாக்கியதால் கொடிகள் பிடுங்கப்பட்டு, வெறும் புல் முளைத்திருந்த இடைக்காலத்தில் எடுக்கப்பட்ட படம் அது. உழவர்களின் இழப்பே படத்தின் பேரின்பம்! சில ஆண்டுகளில் மீண்டும் கொடிகள் நடப்பட்டு, குன்றின் தோற்றம் மாறிவிட்டது. முகமையில் இருந்தபோது அதன் தலைப்பு 'நாட்டுப்புறப் பசுங்குன்றுகள்' என்பதைப் போன்ற பொதுப்பெயரே. டச்சு மொழியில் வெளிவந்த பதிப்பிலோ அதற்கு 'அயர்லாந்து' என்றே பெயரிட்டுவிட்டனர். கலிபோர்னியக் குன்று கடல் கடந்து வேறு நாட்டில் போய் நின்றது.

இருப்புப் படச் சந்தை விரும்புவது இத்தகைய படங்களையே. எந்த ஊருக்கும் பொருந்தும் குன்று, எந்த நாட்டுக்கும் பொருந்தும் கடற்கரை, எந்த நிறுவனத்திற்கும் பொருந்தும் புன்னகை. ஊரின் அடையாளம் குறையக் குறைய வாங்குவோர் தொகை கூடும். ஆத்தூர்ப் படமும் பச்சைக்குன்றும் இத்தொழிலின் இரு முனைகள். திண்டுக்கல் சமவெளியில் கருவியுடன் நடக்கும் இளைஞர் ஒருவர் எந்த முனையை நோக்கிச் செல்கிறார் என்பதை, அவர் எடுக்கும் படத்தைவிடப் படத்தின்கீழ் எழுதும் வரிகளே காட்டும்.

அகமும் புறமும்

முகமைகள் படங்களை இரு வகையாகப் பிரிக்கின்றன. விளம்பரத்திற்குப் பயன்படும் வணிகப் படம் ஒன்று; செய்திக்கும் கட்டுரைக்கும் பாடநூலுக்கும் பயன்படும் எடிட்டோரியல் படம் மற்றொன்று. வணிகப் படத்தில் தெரியும் முகத்திற்கு உரியவர் எழுத்து வழியாக ஒப்புதல் தந்திருக்க வேண்டும். நிறுவனங்களின் பெயரோ இலச்சினையோ தென்படக்கூடாது. எடிட்டோரியல் படத்திற்கு இக்கட்டுப்பாடுகள் தளர்ந்தவை. ஆனால் இடமும் நாளும் நிகழ்வும் உள்ளபடியே எழுதப்பட வேண்டும். படத்தில் எதையும் சேர்க்கவோ நீக்கவோ கூடாது.

தமிழ் மாணவருக்கு இப்பாகுபாடு புதிதன்று. அன்பின் ஐந்திணையில் தலைவன் தலைவியரின் இயற்பெயரைச் சுட்டக்கூடாது என்பது தொல்காப்பியர் வகுத்த நெறி. பெயர் சுட்டினால் அது புறமாகிவிடும். நெடுநல்வாடை இதற்குச் சிறந்த சான்று. பிரிந்த தலைவியின் துயரையே பாடும் அந்நூலில், வேலின் தலையில் கட்டிய வேப்பந்தழை ஓரிடத்தில் குறிக்கப்படுகிறது. வேம்பு பாண்டியரின் அடையாள மாலை. அந்த ஓர் அடையாளத்தைக் காட்டி, அந்நூல் புறத்தின்பாற்படும் என்றார் நச்சினார்க்கினியர். பழைய திண்டுக்கல் தெரு ஒன்றை அழகுறப் படம் எடுத்தவர், கடையின் பெயர்ப்பலகை ஒன்று மூலையில் தெரிவதால் அதனை வணிகப் படமாக விற்க இயலாமற்போவதும் ஏறக்குறைய இத்தகையதே. வேப்பந்தழை இருந்த இடத்தில் இன்று குளிர்பானச் சின்னம். பலகையும் பதாகையும் சுவரொட்டியும் நிறைந்த நம் கடைவீதிகள் பெரும்பாலும் புறத்திணைக்கே உரியவை.

ஒப்புமை இத்துடன் நிற்கவில்லை. படத்தை முகமைக்கு அனுப்புபவர் அதனுடன் குறிச்சொற்களைச் சேர்க்க வேண்டும். வாங்குபவர் அச்சொற்களைக் கொண்டே தேடுவார். எந்த இடம், எந்தப் பருவம், எந்தப் பொழுது என்பன முதலில் வரும். அடுத்து, படத்தில் உள்ள மரம், விலங்கு, பூ, உணவு, தொழில், கருவி. இறுதியாக, அப்படம் எழுப்பும் உணர்வு: காத்திருத்தல், தனிமை, மகிழ்ச்சி. முதற்பொருள், கருப்பொருள், உரிப்பொருள் என்று திணை இலக்கணம் படித்தவருக்கு இந்த அடுக்கு எளிதில் வாய்க்கும். உரிப்பொருளை மட்டும் எழுதி முதற்பொருளை விட்டுவிடுவதே சந்தையில் காணப்படும் பெருங்குறை. நிலக்கோட்டையின் மல்லிகைச் சந்தையில் எடுத்த படத்திற்கு 'பூவுடன் ஆசியப் பெண், மகிழ்ச்சி' என்று மட்டும் எழுதினால், அவர் எந்த நாட்டு எந்த ஊரினராகவும் ஆகிவிடுவார்.

முகத்தின் உரிமை

பூச்சந்தையில் அதிகாலையில் பூ உதிர்த்து அளந்து கொண்டிருக்கும் பெண்மணியிடம், "அக்கா, ஒரு படம் எடுத்துக்கிடட்டுமா?" என்று கேட்டால், பெரும்பாலும் சிரித்துத் தலையசைப்பார். அத்தலையசைப்பு எதற்கு இசைவு? ஒரு படத்திற்கு மட்டுமே. அதே முகம் நாளை கடன் நிறுவனத்தின் விளம்பரத்தில் ஏழ்மையின் அடையாளமாக நிற்பதற்கு அவர் இசையவில்லை.

அயல்நாட்டில் நடந்த நிகழ்ச்சி ஒன்று இதன் கடுமையைக் காட்டும். 2013இல் நியூயார்க் நகரின் நாளிதழில் எய்ச்.ஐ.வி. தொற்று உள்ளோரின் உரிமைகளைப் பற்றி அரசுத் துறை ஒன்று விளம்பரம் வெளியிட்டது. அதில் இருந்த பெண்ணுக்கு அத்தொற்று இல்லை. வேறொரு கட்டுரைக்காக எடுத்த படம் முகமை வழியே விற்கப்பட்டு அங்கு வந்து சேர்ந்திருந்தது. அவர் ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திடவும் இல்லை. காலையில் நாளிதழைப் பார்த்த நண்பர்கள் சொல்லியே அவர் அறிந்தார். வழக்குத் தொடுத்தார். நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. ஆயினும் ஊரார் கண்ணில் பட்டதைத் திரும்பப்பெறும் ஆற்றல் எந்தத் தீர்ப்புக்கும் இல்லை.

நம் நாட்டிலும் இதற்கு அடித்தளம் இடப்பட்டுள்ளது. 1994இல் இராஜகோபால் எதிர் தமிழ்நாடு அரசு என்னும் வழக்கில் உச்சநீதிமன்றம், ஒருவரின் பெயரையோ உருவத்தையோ அவர் இசைவின்றி விளம்பரத்திற்குப் பயன்படுத்துவது தனியுரிமையை மீறுவதாகும் என்று குறிப்பிட்டது. நக்கீரன் இதழ் தொடர்பாக எழுந்த அவ்வழக்கு தமிழ்நாட்டில் தோன்றியது என்பது நினைக்கத்தக்கது. எனவே ஒப்புதல் படிவம் என்பது முகமை கேட்கும் வெற்றுத்தாள் அன்று. அதில் படத்தில் இருப்பவரின் பெயர், முகவரி, கையெழுத்து, சாட்சியின் கையெழுத்து ஆகியன இடம்பெறும். சிறார் எனில் பெற்றோரின் கையெழுத்து வேண்டும். ஆங்கிலத்தில் உள்ள படிவத்தை நீட்டிக் கையெழுத்து வாங்குவது எளிது. "இந்தப் படம் எங்கே வேண்டுமானாலும் வரலாம், என்னால் தடுக்க முடியாது, அதற்குப் பணம் எனக்கு வரும்" என்று தமிழில் விளக்கிச் சொல்லியபின் வாங்குவது கடினம். அவ்வாறு சொன்னபின் சிலர் மறுப்பர். மறுத்தால் அந்தப் படத்தை விற்காமல் விடுவதைத் தவிர வேறு வழியில்லை.

சில்லறைக் கணக்கு

இத்தொழிலால் வாழ முடியுமா என்னும் கேள்வி இயல்பாக எழும். முன்பு முகமைகள் சிலவே. மும்பையில் 1987இல் தொடங்கப்பட்ட டினோடியா நிறுவனம் இந்தியாவின் முன்னோடி முகமை. அன்று ஒளியூடு படச்சுருள் துண்டுகள் உறையில் இடப்பட்டுத் தூதஞ்சலில் சென்றன. ஒரு படத்திற்குக் கிடைத்த தொகையும் சொல்லத்தக்கதாய் இருந்தது. 2000இல் கனடாவின் கல்கரி நகரில் ஐஸ்டாக்போட்டோவும், 2003இல் நியூயார்க்கில் ஷட்டர்ஸ்டாக்கும் தோன்றியபின் நிலைமை மாறியது. ஷட்டர்ஸ்டாக்கை நிறுவிய ஜான் ஓரிங்கர் தாமே எடுத்த 30,000 படங்களுடன் கடை விரித்தார். யாரும் படம் அனுப்பலாம், யாரும் மலிவாக வாங்கலாம் என்றாயிற்று.

கதவு திறந்ததும் விலை இறங்கியது. 2020 சூன் முதல் ஷட்டர்ஸ்டாக் நிறுவனம், படம் எடுத்தவர்க்கு விற்பனைத் தொகையில் 15 முதல் 40 விழுக்காடு வரை என்று பங்கை மாற்றி அமைத்தது. மிகக் குறைந்த தொகை ஒரு பதிவிறக்கத்திற்கு 10 சென்ட். அன்றைய மாற்று மதிப்பில் ஏறத்தாழ ஏழரை ரூபாய். பேருந்து நிலையத்தில் ஒரு தேநீருக்கும் போதாது. விற்பனை கூடக்கூடப் பங்கு உயரும். ஆனால் சனவரி பிறந்தால் எல்லாரும் மீண்டும் அடிப்படிக்கே இறங்க வேண்டும். சிறுமலையின் 18 கொண்டை ஊசி வளைவுகளை ஏறி முடித்தவரை மீண்டும் அடிவாரத்திற்கு அனுப்புவது போன்றது அது. உழைப்பவர் பங்கை இவ்வாறு அறுத்துக்கொண்டே செல்லும் முறை நேர்மையானது என்று கொள்வதற்கில்லை.

ஆகவே திண்டுக்கல் போன்ற ஊரில் இதனை முழுத்தொழிலாகக் கொள்வோர் அரியர். திருமணமும் பள்ளிக் குழுப்படமும் சோறு போட, இருப்புப் படம் கைச்செலவுக்கு உதவும் என்னும் அளவே மெய்ந்நிலை. கொடைக்கானல் ஏரியின் படங்கள் முகமைகளில் ஏற்கெனவே குவிந்து கிடக்கின்றன. அக்குவியலில் இன்னொரு படம் கடலில் கரைத்த பெருங்காயம். சமவெளியின் நிலையோ வேறு. அய்யலூரில் வியாழக்கிழமை கூடும் ஆட்டுச் சந்தை, கேரளத்திற்குக் காய்கறி ஏற்றும் ஒட்டன்சத்திரத்து இரவு, சின்னாளப்பட்டியில் சுங்குடிச் சேலையின் முடிச்சு அவிழும் நொடி, மாங்காய் வடிவப் பூட்டுக்கு அரம் போடும் பட்டறை ஆகியவற்றைத் தேடுவோர் சிலரே. ஆனால் தேடுபவருக்கு இவையே வேண்டும், பச்சைக்குன்று போதாது. திண்டுக்கல் பூட்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. புவிசார் குறியீட்டின் அடிப்படையே ஊர்ப்பெயர்தான். அப்பூட்டின் படத்தைப் 'பழங்காலப் பூட்டு' என்று பெயரிட்டு விற்பவர், பட்டறைக்காரர் போராடிப் பெற்ற பெயரை ஒரு வரியில் அழித்துவிடுகிறார்.

படம் சொல்லும் சான்று

ஊரும் நாளும் எழுதிவைத்த படம் எவ்வளவு தொலைவு செல்லும் என்பதற்குப் புதுச்சேரியில் ஒரு சான்று உண்டு. அங்குள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் 1950களிலிருந்து தென்னாட்டுக் கோயில்களையும் திருமேனிகளையும் ஊர்தோறும் சென்று படம் எடுத்துப் பதிந்து வைத்துள்ளது. அவை விற்பனைக்காக எடுக்கப்பட்டவை அல்ல. அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தானின் நடராசர் திருமேனி களவு போய், ஆஸ்திரேலியத் தேசியக் கலைக்கூடத்தில் நின்றபோது, அது இவ்வூர்க்குரியது என்று காட்ட அந்த ஆவணப் படங்கள் துணைநின்றன. 2014 செப்டம்பரில் ஆஸ்திரேலியப் பிரதமர் அத்திருமேனியை இந்தியாவிடம் ஒப்படைத்தார். 'பழங்கால இந்திய வெண்கலச் சிலை' என்று மட்டும் அட்டையில் எழுதியிருந்தால் இது நடந்திருக்குமா?

இப்போது செயற்கை நுண்ணறிவு சொற்களிலிருந்தே படத்தை உருவாக்கித் தருகிறது. கெட்டி இமேஜஸ் நிறுவனம் அத்தகைய படங்களை ஏற்பதில்லை என்று 2022இல் அறிவித்தது. தன் படங்களை இசைவின்றிப் பயிற்சிக்கு எடுத்தாண்டதாக ஸ்டெபிலிட்டி ஏஐ நிறுவனத்தின்மீது 2023இல் வழக்கும் தொடுத்தது. ஷட்டர்ஸ்டாக் நிறுவனமோ ஓப்பன்ஏஐயுடன் கைகோத்து, படம் எடுத்தோர்க்கென ஒரு நிதியை அமைத்தது. பச்சைக்குன்றை வரைய இனி யாரும் காரை நிறுத்த வேண்டியதில்லை. எந்த ஊருமல்லாத கடற்கரையையும், எவருமல்லாத புன்னகையையும் பொறியே நொடியில் ஆக்கித்தரும். குறிப்பிட்ட ஒரு வியாழக்கிழமை அய்யலூர்ச் சந்தையில் ஆடு என்ன விலைக்குப் போயிற்று, அன்று மழை பெய்ததா, தரகர் துண்டுக்கடியில் விரல் பிடித்தாரா என்பதற்கு மட்டும் அங்கு நின்றவரே சாட்சி. பொறி வரையும் சந்தை அழகாக இருக்கலாம். அதில் எவரும் ஆடு வாங்கியிருக்கமாட்டார்.

ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை தவறாமல் பெய்தால் ஆத்தூர் காமராசர் நீர்த்தேக்கம் நிறையும். அதன் பின்புலத்தில் மலை தெளிவாய்த் தெரியும் நாள்கள் ஆண்டில் சிலவே. டேனியல்கள் பெயர் பொறித்த ஊரின் அந்நாள்களுக்காகக் காத்திருந்து எடுப்போர் உண்டு. எடுத்ததும் ஊர், நீர்த்தேக்கத்தின் பெயர், நாள், பொழுது என்று நான்கையும் குறித்துவைப்பது அவர்தம் வழக்கம். பருவத்தையும் விழாவையும் சார்ந்த படங்களை முகமைகள் சில மாதங்களுக்கு முன்பே கேட்கின்றன. விளம்பரங்களும் இதழ்களும் முன்கூட்டியே ஆயத்தமாவதே காரணம். ஆகவே இத்தைத்திங்களில் சமவெளிக் கிராமம் ஒன்றின் வாசலில் பொங்கல் பொங்கும்போது எடுத்த படம், உரியவரின் கையெழுத்தோடு சித்திரையில் முகமையைச் சேர்ந்து, ஐப்பசியில் எவரேனும் ஒருவரால் தேடப்பட்டு, அடுத்த பொங்கலுக்குத்தான் அச்சேறும்.